எலியேசர் வீட்டுக் கொரியாக் கறி

எலியேசரைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் கோபம்தான் வரும். ஒரு மனுஷன் நல்லவனாக இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? அதற்காக, எதிரே நிற்கிறவன் பல்லைக் காட்டிச் சிரித்தாலே சொந்தக்காரன் என்று நினைத்துக்கொள்கிற அளவுக்கா? அவர் மனைவி ரத்தினபாய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்கரைப் பக்கம் போகிற தெருவில் அவர்களுடைய ஓட்டு வீடு. தாம்பரம் விமானப்படை நிலையத்தில் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். ஞானஜோதி என்று ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயில், திங்கள் முதல் சனி மத்தியானம் வரை டியூட்டி. அவரைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு சமையல் அவருக்குத் தெரியும்.

ஐம்பத்து மூன்றில், ராணுவத்தில் சப்ளை பிரிவில் இருந்தபோது, கொரியாவுக்குக் கப்பலேறினார். சண்டை ஓய்ந்து, ஊருக்குத் திரும்பிப் போகமாட்டோம் என்று அடம்பிடித்த கைதிகளைக் காவல் காக்க நம் படை போயிருந்த சமயம். உடன் போனவர்கள் கைக்கடிகாரம், கம்பளி, பேனா என்று வாரிக்கொண்டு வந்தார்கள். எலியேசர் கொண்டுவந்தது ஒரு பக்குவத்தை. முள்கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கைதி, வடகொரியக் குடியானவன், ரேஷனில் வந்த பன்றி விலாத் துண்டுகளை ஏதேதோ சாந்தில் ஊறப்போட்டு, தகரத்தின் மேல் சுட்டுக்கொண்டிருப்பான். எலியேசருக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவர் பாஷை தெரியாது. பூண்டைக் காட்டுவான், விரலை விரிப்பான். சர்க்கரையைக் காட்டுவான், உள்ளங்கையைக் குவிப்பான். ஆணியால் ஓட்டை போட்ட தகர மூடியில் பேரிக்காயைத் தேய்த்து அந்தச் சாற்றைக் கறியில் பிசைவான். அந்த ஆறு மாதக் குளிரில் எலியேசருடன் முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஜீவன் அவன்தான். பெயர்கூடத் தெரியாது. இவர் ‘தம்பி’ என்பார், அவனும் திருப்பி ‘தம்பி’ என்பான்.

ஊருக்கு வந்த பிறகு அந்த ருசியைப் பிடிக்கப் பட்ட பாடு இருக்கிறதே! கறுப்பு சோயா சாஸுக்காக பிராட்வே பக்கம் ஒரு சீனாக்காரர் கடையைத் தேடிப்பிடித்தார். அறுபத்திரண்டில் சீனாச் சண்டை வந்தபோது அந்தப் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, ஏதோ சாராயம் கடத்துகிறவர் மாதிரி ரயிலில் கொண்டுவந்தார். எள்ளெண்ணெய் நம் நல்லெண்ணெய்தான், அதில் கஷ்டமில்லை. பேரிக்காய் கிடைக்காத மாதங்களில் பப்பாளிக்காய். அவர்கள் போடுகிற மிளகாய்ச் சாந்துக்கு மட்டும் வழியில்லாமல், நீட்டு மிளகாயை ஊறவைத்துக் கொஞ்சம் வெல்லத்தோடு அரைத்து, ஜாடியில் நாலு நாள் புளிக்கவிட்டுப் பார்த்தார். ரத்தினபாய் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அவள் ஓடியதற்கு அந்த வாடை மட்டும் காரணமில்லை. எலியேசருடைய தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியில் ஞானஸ்நானம் வாங்கியவர். அப்பா படித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனதும் செய்த முதல் காரியம், வீட்டில் பன்றிக்கறியை நிறுத்தியதுதான். அதைத் தின்றால் எந்த ஜாதி என்று நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி. ரத்தினபாய் வீட்டிலும் அதே கதை. இரண்டு தலைமுறை நாக்கைக் கட்டிச் சம்பாதித்த மரியாதையை இந்த மனுஷன் கொரியாவுக்குப் போய்த் தொலைத்துவிட்டு வந்தாரே என்று அவளுக்கு ஆத்திரம்.

“இது நம்ம ஊர் சமையல் இல்ல ரத்தினம். கொரியா சமையல். ஃபாரின்,” என்பார் எலியேசர்.

“கொரியாவுக்குப் போய்ட்டு வந்தாலும் பன்னி பன்னிதாங்க,” என்பாள் அவள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். சமையலறைக்குள் அது வரக்கூடாது. பின்பக்கம், மதிலோரம், செங்கல் அடுப்பு. அதற்கென்று தனி அலுமினியச் சட்டி, தனி இரும்புத் தட்டு, தனிக் கரண்டி. எல்லாம் வெளிச்சுவர் ஆணியில் தொங்கும். ரத்தினபாய் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். ஜோதி மட்டும் சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கை சுடச்சுடத் தின்பாள்; ஆனால் வாயைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

மாதத்தில் கடைசிச் சனிக்கிழமை. கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரு ஆங்கிலோ இந்தியர் வைத்திருந்த பண்ணையில் வேலை செய்த கிளியம்மாள், முதல் ரயிலில் மந்தாரை இலையில் சுற்றிக் கறி கொண்டுவருவாள். “இன்னா சார், விலா கேட்டியே, பாரு எப்டி கீதுன்னு! சாக்கடைல மேய்ஞ்சது இல்ல, தவுடு துன்னு வளந்தது,” என்று ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு. எலும்போடு கை அகலத்துக்கு வெட்டிய துண்டுகளை எலியேசர் கத்தி முதுகால் தட்டி, பூண்டும் இஞ்சியும் நசுக்கி, சோயா சாஸ், சர்க்கரை, நல்லெண்ணெய், மிளகாய்ச் சாந்து, வெங்காயத்தாள் எல்லாம் சேர்த்து, மேலே பேரிக்காயைத் தேய்த்து விட்டு, பிசைந்து மூடிவைத்துவிட்டு டியூட்டிக்குப் போவார். சாயங்காலம் சவுக்கு விறகு தணலாக இறங்கியதும் இரும்புத் தட்டை ஏற்றுவார். கொழுப்பு உருகிச் சொட்டும்போது தெரு முழுக்க மணக்கும். கடைசியில் வறுத்த எள்ளை மேலே தூவுவார். அந்த நேரத்தில் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்டோரில் வாரம் முழுக்கத் திட்டு வாங்கிய ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த வாசனைதான் வேதசிரோமணியை இழுத்துக்கொண்டு வந்தது.

வேதசிரோமணி என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், கோயில் கமிட்டிச் செயலாளர். தெற்கேயிருந்து வந்து கிழக்குத் தாம்பரத்தில் வீடு கட்டிக்கொண்ட பெரிய குடும்பம். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, முன் வரிசைப் பெஞ்சு. ஒரு சனிக்கிழமை கோயில் விஷயமாக எதற்கோ ஏரிக்கரை வழியாக சைக்கிளில் போனவர், எலியேசர் வீட்டுப் பின்பக்கம் இறங்கி நின்றுவிட்டார்.

“என்ன எலியேசர், என்ன சமையல் இது? ஆளையே தூக்குது!”

“கொரியா சமையல் சார். சாப்பிட்டுப் பாருங்க.”

ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கடித்த மாத்திரத்தில் என்ன கறி என்று தெரிந்திருக்கும். தெரியாமல் போக அது என்ன கத்தரிக்காயா? ஆனால் கேட்கவில்லை. இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். “நல்லா இருக்கு எலியேசர். உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்,” என்றார். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். இப்படி ஏழெட்டு வருஷம்! அத்தனை வருஷத்தில் அது என்ன கறி என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார் என்கிறீர்கள்? மூச்சு விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு, அதே ஏரிக்கரை வழியாகப் போய்விடுவார்.

“அந்த ஆள் ஒருநாளாவது முன்வாசல் வழியா வந்திருக்காரா?” என்று ரத்தினபாய் கேட்பாள்.

“சைக்கிள் நிறுத்த பின்னாடிதான் வசதி, ரத்தினம்.”

கறி கொண்டுவருகிற கிளியம்மாளுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை. “இன்னா சார், அந்த ஹெட்மாஸ்டர் ரயில்டேசனாண்ட என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு. இங்க வந்தா எலும்ப வுடமாட்டேன்றாரு,” என்று அவள் சிரித்தபோது எலியேசர் கோபித்துக்கொண்டார். “பெரிய மனுஷனை அப்படியெல்லாம் பேசக் கூடாது கிளியம்மா.”

சரி, நாக்கு ருசியோடு போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை. நடுவில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

ஜோதி ஆசிரியப் பயிற்சி முடித்துக் கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கோயில் பாடகர் குழுவில் அவள் குரல்தான் குரல். அதே குழுவில் வேதசிரோமணியின் மகன் சத்தியநேசன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். பாட்டுப் பயிற்சி முடிந்து வெளியே வந்தால் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று பேசுவார்கள். ஒரு வருஷம் இப்படிப் போன பிறகு, ஜோதி அம்மாவிடம் சொன்னாள். அவனும் ‘உங்க அப்பாவை எங்க அப்பாகிட்டப் பேசச் சொல்லு’ என்று சொல்லிவிட்டானாம்.

ரத்தினபாய் பயந்துகொண்டேதான் அதைப் புருஷனிடம் சொன்னாள். எலியேசருக்கோ வாயெல்லாம் பல்.

“இதுல பேச என்ன இருக்கு? முடிஞ்ச மாதிரிதான்!”

“எப்படி முடிஞ்சுது?”

“பொண்ணு பார்க்க வர்றவங்க சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. உண்டா இல்லையா? இவர் ஏழெட்டு வருஷமா நம்ம வீட்டுல கை நனைச்சுக்கிட்டிருக்காரு. அப்புறம் என்ன?”

நம் ஊர்க்காரன் ஒருவனுக்குத்தான் இப்படி ஒரு கணக்குத் தோன்றும். ஜாதகம் பார்க்கிற வீடோ ஜெபம் பண்ணுகிற வீடோ, பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்; சம்மதமில்லாதவன் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். அந்த வழக்கத்தை எலியேசர் வேதவாக்காக நம்பினார். ரத்தினபாய் ஒப்பவில்லை. “ஜோதி அப்பா, அவர் சாப்பிட்டது அடுப்புக்குப் பக்கத்துல, நின்னுக்கிட்டு,” என்றாள். “உக்காரச் சொன்னா உக்காந்திருப்பாரு. நாமதான் ஒரு நாற்காலி போடல,” என்றார் எலியேசர். அந்த மாதம் பின்பக்கம் ஒரு நாற்காலி போட்டார்.

கறியை அன்றைக்கு அவர் பக்குவம் பண்ணியதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் பண்ணியதில்லை. கிளியம்மாளிடம் சொல்லி ஒரு நாள் முன்னதாகவே கறி வரவழைத்து, வெள்ளிக்கிழமை இரவே ஊறப்போட்டுவிட்டார். பழுத்த பேரிக்காயாகப் பார்த்துப் பல்லாவரம் சந்தையில் பொறுக்கி வாங்கி வந்தார். ஒரு துண்டு கருகவில்லை, ஒரு துண்டு வேகாமலில்லை. வேதசிரோமணி நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். மூன்றாவது துண்டில் இருந்தபோது எலியேசர் ஆரம்பித்தார்.

“சார், நம்ம ஜோதியும் தம்பி சத்தியநேசனும்… பிள்ளைங்களுக்குள்ள ஒரு இது இருக்கும்போல. நீங்க பெரியவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா…”

வேதசிரோமணியின் தாடை நின்றது. எலும்பைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு நிதானமாக, கோயிலில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் சொன்னார்: “ஜெபம் பண்ணுவோம் எலியேசர். ஆண்டவருக்குச் சித்தமானா நடக்கும்.”

தாம்பரத்தில் எந்தக் கிறிஸ்தவ வீட்டைத் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள், ‘ஜெபம் பண்ணுவோம்’ என்றால் ‘முடியாது’ என்று. வாடகை வீடு கேட்டாலும் சரி, வேலைக்குச் சிபாரிசு கேட்டாலும் சரி, அந்தப் பதில் வந்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். இது எலியேசருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உள்ளே ஓடிப்போய், “ஜெபம் பண்றேன்னு சொல்லிட்டாரு!” என்று மகளிடம் சொன்னார். ஜோதியும் நம்பினாள் பாவம். அப்பா சொன்னால் அவளுக்கு அவ்வளவுதான். அந்த ராத்திரி முழங்கால் போட்டு வெகுநேரம் ஜெபம் பண்ணினாள்.

அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வேதசிரோமணி வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கேட்டது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. “பரீட்சை நேரம், வேலையா இருப்பாரு,” என்றார் எலியேசர். சத்தியநேசன் பாட்டுப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். “ஆபீஸ்ல ஆடிட்டாம்பா,” என்றாள் ஜோதி. அப்பாவும் மகளும் மாற்றி மாற்றிச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 

எழுபத்தொன்று, ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிறு ஆராதனை. பிரசங்கம் முடிந்து பாதிரியார் ஐயர் ஓலை வாசிக்க எழுந்தார். நம் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையார் முன்னால் வாசிப்பார்கள், அதற்குத்தான் ஓலை என்று பெயர். பாளையங்கோட்டைப் பெண் ஒருத்தியின் பெயரை வாசித்தார். பிறகு, தாம்பரம் வேதசிரோமணியின் குமாரன் சத்தியநேசன் என்று வாசித்தார். “இவர்கள் விவாகத்துக்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். இது முதல் ஓலை.”

எலியேசர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கால் தானாக எழுந்துவிட்டது. ஐயர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சபையே திரும்பிப் பார்த்தது. என்ன தடை என்று சொல்வார் அவர்? என் வீட்டில் சாப்பிட்டார் என்றா? பெண்கள் வரிசையிலிருந்து ரத்தினபாய் பார்த்த பார்வையில் அவருக்குச் சுயநினைவு வந்தது. இருமினார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, இருமல் வந்தவர் மாதிரி வெளியே நடந்தார். பாடகர் குழு எழுந்து அடுத்த பாட்டைத் தொடங்கியது. ஜோதி குரல் அதில் கேட்கவில்லை. இரண்டாவது சரணத்திலிருந்து கேட்டது.

ஆராதனை விட்டதும் வேதசிரோமணியே அவரைத் தேடி வேப்பமரத்தடிக்கு வந்தார். ஆளில்லாத இடமாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனார்.

“மனசுல வச்சுக்காதீங்க எலியேசர். வீட்டுப் பொம்பளைங்க ஒத்துக்கல. பழக்கவழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல. பன்னிக்கறி புழங்குற வீட்டுலேர்ந்து பொண்ணு எடுத்தாங்கன்னு நாளைக்கு ஊர்ல பேச்சு வரும்.”

ஏழெட்டு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத சொல் அன்றைக்கு வந்தது.

“நீங்களே சாப்பிட்டீங்களே சார்,” என்றார் எலியேசர். கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டார்.

“சாப்பிட்டேன். இல்லேங்கல. ஆனா உங்க வீட்டுக்குள்ள வந்து சாப்பிட்டேனா? தெருவுல நின்னு வேர்க்கடலை வாங்கித் திங்கிறதில்லையா? அந்த மாதிரிதானே?”

சொல்லிவிட்டுத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டினார் பாருங்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது! எலியேசர் அந்த இடத்திலேயே நின்றார். பன்றி ஒரு சாக்கு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா நாக்கைக் கட்டினார், தாத்தா தெய்வத்தை மாற்றினார், இவர் கடல் தாண்டிப் போய் வந்தார். அவர்கள் கண்ணுக்கு எல்லாரும் அதே சேரிதான். ஆட்டுக்கறி மட்டும் தின்றிருந்தாலும் வேறு ஏதாவது ஒரு காரணம் அவர்கள் கையில் இருந்திருக்கும்.

வீட்டில் யாரும் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. ஜோதி மறுநாள் எப்போதும் போலக் கீழ்க்கட்டளைக்குப் போனாள். சத்தியநேசன் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் வந்து, “அப்பா பேச்சை மீற முடியல ஜோதி,” என்று சொன்னானாம். அவள், “சரி,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாளாம். இதை அவள் அம்மாவிடம் சொன்னது ஒரு வாரம் கழித்து, அரிசி களைந்துகொண்டே.

மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் வேதசிரோமணி வந்தார். இந்தத் தடவை முன்வாசல் வழியாக! கையில் கல்யாணப் பத்திரிகை, தட்டில் பூ, வாழைப்பழம். ரத்தினபாய் நாற்காலி போட்டாள். “இருக்கட்டும்மா, இன்னும் நாலு வீடு போகணும்,” என்று நின்றபடியே பத்திரிகையைக் கொடுத்தார். பிறகு எலியேசரை வாசல் பக்கம் அழைத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு உதவி எலியேசர். சத்தியநேசனோட மேனேஜர் வர்றாரு, பம்பாய்க்காரர். இன்னும் ரெண்டு மூணு ஆபீசர்ங்க. அவங்களுக்கெல்லாம் இந்த மாதிரி ஐட்டம்தான் பிடிக்கும். பையனுக்குப் பிரமோஷன் சமயம். பந்தியில பிரியாணி போடறோம், அது வேற. இவங்களுக்குத் தனி ரூம்ல… ஹாலுக்குப் பின்னாடி உங்களுக்கு ஒரு அடுப்பு போட்டுத் தரச் சொல்றேன். உங்க கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?”

“சரி சார்,” என்றார் எலியேசர்.

ஆமாம், அதுதான் சொன்னார். ரத்தினபாய் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், வெடித்துவிட்டாள்.

“உங்களுக்கு ரோஷமே கிடையாதா? நம்ம பொண்ணு உக்கார வேண்டிய இடத்துல இன்னொருத்தி உக்காரப்போறா. அங்க போய் நீங்க அடுப்பு ஊதப்போறீங்களா?”

“முடியாதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன் ரத்தினம். வேற என்னமோ வந்துடுச்சு,” என்றார் அவர். தலை குனிந்திருந்தது. “மறுத்தா, பொண்ணைக் கட்டலைன்னு வன்மம் வச்சிருக்கான்னு சொல்வாங்க. ஜோதி பேரு அடிபடும். நாளைக்கு இன்னொரு இடம் வரணுமில்ல,” என்றார். அது நிஜக் காரணமா, பிறகு தேடிப்பிடித்த காரணமா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். உள் அறையில் ஜோதி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அடுத்த தாளை எடுத்துத் திருத்தினாள்.

கல்யாண நாள் காலையில் அவள் பாடகர் குழுவின் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது எலியேசர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “நீ போகணுமாம்மா? காய்ச்சல்னு சொல்லிடலாம்.”

“பாடகர் குழுவுல எல்லாரும் போறாங்கப்பா. நான் மட்டும் போகலன்னா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

ரத்தினபாய் வரமாட்டேன் என்று கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் விருந்து. ஹாலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம், பிரியாணி அண்டாக்களுக்கும் அப்பால், எலியேசருக்கு மூன்று செங்கல் போட்டிருந்தார்கள். பிரியாணி மாஸ்டர் தன் ஆட்களிடம், “அந்தப் பக்கம் போவாதீங்கடா, நம்ம கரண்டிய அங்க குடுத்துறாதீங்க,” என்று சொல்வது நன்றாகக் கேட்டது. எலியேசர் தன் கரண்டியைத்தான் கொண்டுவந்திருந்தார். தணல் போட்டார், தட்டை ஏற்றினார். கோயில் பக்கமிருந்து பாட்டு வந்தது. நாலு குரலுக்கு நடுவில் மகள் குரலை அவருக்குத் தெரியாதா? ஒரு இடத்திலும் பிசகாமல் பாடினாள். அவர்தான் இரண்டு துண்டுகளைக் கருகவிட்டார்.

கருகாததையெல்லாம் அடுக்கி, எள் தூவி, மூடி போட்டு அனுப்பினார். தட்டு எடுத்துப்போன ஆள் கொஞ்ச நேரத்தில் காலித் தட்டோடு வந்தான். “பிரமாதமாம் சார்! மேனேஜர் எலும்பைக்கூட வுடல. எவன்யா சமையல்காரன், கூப்பிடு பார்க்கணும்னாரு.”

எலியேசர் கையைத் துடைத்துக்கொண்டார். “வரணுமா?”

“இல்ல சார். ஹெட்மாஸ்டர் ஐயா, ஹோட்டல்லேர்ந்து வரவழைச்சோம்னு சொல்லிட்டாரு. இன்னும் மிச்சம் இருந்தா போடச் சொன்னாரு.”

போட்டு அனுப்பினார்.  அவன் போன பிறகு சட்டியின் அடியில் நாலைந்து துண்டுகள்தான் இருந்தன. அதைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஜோதி வந்தாள். ஹாலிலிருந்து பின்பக்கம் வரும் சந்து வழியாக, அண்டாக்களைத் தாண்டி, ஈரத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இங்க எதுக்கும்மா வந்தே? புகை. பந்தி போட்டுட்டாங்க, போய் உக்காரு.”

“பந்தியில எல்லாரும் குடும்பம் குடும்பமா உக்காந்திருக்காங்கப்பா. நான் யார் பக்கத்துல உக்காரட்டும்?”

 அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கே கிடந்த செங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

“எனக்கும் இங்கேயே போடுங்கப்பா.”

“வேண்டாம்மா. வீட்டுல போய்ப் பண்ணித் தர்றேன். இங்க வேண்டாம்.”

“பசிக்குதுப்பா.”

கிழிந்த வாழையிலைத் துண்டு ஒன்றைக் கழுவி, சட்டியில் இருந்ததை அவள் முன்னால் வைத்தார். உள்ளே மாப்பிள்ளை பெண்ணுக்கு யாரோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கைத்தட்டல் கேட்டது. ஜோதி எலும்பைப் பிடித்து, சுற்றிலும் இருந்த கறியைப் பொறுமையாகக் கடித்துத் தின்றாள். பிரியாணி ஆட்கள் பார்த்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

“நல்லா இருக்குப்பா,” என்றாள்.

எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுக் குளிர்ந்துபோன மனுஷன் அவர். பெற்ற மகள் அடுப்போரத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது அவரால் தாங்க முடியவில்லை. முகத்தைத் தணல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜோதி இன்னொரு துண்டு கேட்டாள். போட்டார்.